தெளிந்த பிறகும் நீதான்

கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வாலிபால் ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போட்டியில் ஜெயித்த ராத்திரி, பரிசுப் பணத்தில் பாதி சரக்காக மாறிய பிறகு, டீமில் இருக்கும் அத்தனை ஆம்பளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். அழுவார்கள். கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள். "உனக்காக உசுரக் குடுப்பேன்டா" என்று சத்தியம் செய்வார்கள். மறுநாள் காலை டீக்கடையில் பார்த்துக்கொண்டால் ஒரு தலையாட்டல்தான். முந்தின ராத்திரியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். யாராவது பேச்சை எடுத்தாலும், "போதையில ஏதோ சொல்லியிருப்பேன்" என்று முடிந்துவிடும். குடித்திருந்தால் பாசத்தைக் காட்டலாம், தெளிந்திருந்தால் கூடாது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு யாரும் எழுதிவைக்காத சட்டம் இது.

இந்தச் சட்டத்துக்குள்தான் நானும் அவனும் வருஷக்கணக்கில் காதலித்தோம். அவன் குடியிலிருந்து மீண்டான் என்று தெரிந்த ஒன்றிரண்டு பேர், "உங்க அன்புதான் காப்பாத்தியிருக்கு" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் விஷயத்தில் அன்பே குடிக்குள்தான் குடியிருந்தது. அதை அங்கிருந்து வெளியே கொண்டுவரத்தான் இத்தனை பாடு.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், டீம் பெயர் வேண்டாம் என்றான்.

"குடிச்சதை எழுதலாமா?"

"அதைத்தான் மொதல்ல எழுது."

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். பொங்கல் வந்தால் 'மாபெரும் கைப்பந்துப் போட்டி' பேனர்கள் வரிசையாக வரும். முதல் பரிசு யார் உபயம், கோப்பை யார் உபயம், வலை யார் உபயம் என்று பெயர்களை அடுக்கி முடிப்பதற்குள் பேனரில் இடம் தீர்ந்துவிடும். அவன் வெல்டர். சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தவன். டீமில் நான் பூஸ்டர், அவன் ஷூட்டர். நாலாம் இடத்தில், வலையின் இடது மூலையில் நின்று அடிப்பவன்.

வாலிபால் ஆடாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்கிறேன். பூஸ்டர் வலைக்குப் பக்கத்தில் நிற்பான். பின்னால் இருந்து ரிசீவ் ஆகி வரும் பந்துக்குக் கீழே போய், பத்து விரலையும் விரித்து, இரண்டு கட்டைவிரலும் நெற்றிக்கு நேராக வரும்படி வாங்கி, வாங்கிய அதே இழுப்பில் மேலே விடவேண்டும். கையில் பந்து தங்கினால் விசில் அடித்துவிடுவார்கள். ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர் உயரம். நான் விடும் பந்து அதற்கும் மேலே ஏறி, வலையின் இடது ஓரத்தில் நிற்கும் ஆன்டெனாக் குச்சிக்குப் பக்கமாக இறங்கவேண்டும். ஷூட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து ஓடிவருவான். இடது கால், அப்புறம் வலதும் இடதும் ஒட்டினாற்போல டக் டக் என்று, அந்தக் கடைசி இரண்டு மிதியில்தான் உடம்பு மேலே எழும்பும். பந்து என் விரலை விட்டுப் போகும்போது நான் அவனைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் கிடையாது. மண்ணில் அவன் கால் விழும் சத்தத்தைக் கேட்டுத்தான் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று என் விரல் முடிவு செய்யும்.

அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும். இப்போதும்தான்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு போனதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் துக்கம் புரியும். ஒரு பலா காய்த்துப் பலன் தர ஒரு தலைமுறை காத்திருந்த குடும்பங்கள் அவை. கிராமங்களில் கரண்ட் வரப் பல நாள் ஆனது. எங்கள் டீம் பையன்கள்தான் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழி விட்டார்கள். அவன் வீட்டுக் கூரை பறந்துவிட்டதால் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்தான். ஊர் முழுக்க இருட்டு. யாரோ புதுச்சேரி எல்லையைத் தாண்டிப் போய் பாட்டில் வாங்கி வந்திருந்தார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு அவன் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். விடியும்வரை விடவில்லை.

காலையில், "நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சு மாப்ள" என்றான். நானும் "ஆமாடா" என்றேன். எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள்?

அதற்குப் பிறகு பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி, பாகூர், வில்லியனூர் என்று எங்கே மேட்ச் ஆடினாலும் முடிந்த பிறகு போகும் வழி ஒன்றுதான். ஆல்பேட்டை சோதனைச்சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடை. முள்ளோடையில் புதுச்சேரி ஆரம்பிக்கிறது. வரி குறைவு, அதனால் விலை குறைவு. சாராயக்கடைகூடச் சட்டப்படி உண்டு. கடலூர்க்காரனுக்கு அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டினால் அவன் என்னுடையவன். திரும்பி வரும்போது பைக்கில் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவான். குடித்த நண்பனைப் பத்திரமாக வீட்டில் விடுபவனை ஊரில் யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. நல்ல பையன் என்று எனக்குப் பெயர்கூடக் கிடைத்தது.

2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். ஒரே பாலினத்தைச் சேர்ந்த, வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று ஆனது. நான் கடையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரை முடித்துக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்ததும் கை ஓடவில்லை. சாயங்காலம் அவன் வந்தான், பாட்டிலோடு. "சட்டமே சொல்லிடுச்சுடா" என்று அழுதான். நானும் அழுதேன். மறுநாள் காலை அதே தலையாட்டல். டெல்லியில் என்ன மாறினால் என்ன, எங்கள் காலைகள் மாறவில்லை.

அடுத்த வருஷம் ஓட்டக்காரி தூதி சந்த், தன் ஊர்ப் பெண் ஒருத்தியோடு உறவில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னாள். 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியவள். ஒடிசாவில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அந்தச் செய்தியை அவனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவ்ளோ தைரியம்" என்றான். அப்போது மணி காலை பத்து. அவன் வாயில் வாடை இருந்தது.

குடி முற்றியதை நான் அவன் வாயில் கண்டுபிடிக்கவில்லை, காலில் கண்டுபிடித்தேன். அந்த டக் டக் தாமதமாக விழ ஆரம்பித்தது. நான் விட்ட பந்து உச்சிக்குப் போய் இறங்கும்போதுதான் அவன் எழும்புவான். பந்து வலையில் போய்ச் சொருகும். பூஸ்ட் சரியில்லை என்று டீமில் என்னைத் திட்டினார்கள். நான் கொஞ்சம் உயரமாக விட்டுப் பார்த்தேன். இன்னும் உயரமாக விட்டேன். பாதம் எரிகிறது, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்பான். மது நரம்பைத் தின்னும், பி1 வைட்டமின் குறைந்து பாதத்தில்தான் முதலில் தெரியும் என்று டாக்டர் சொன்னது பின்னால். வெல்டிங்கிலும் அதே கதை. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும், நின்றால்தான் ராடு பிடிக்க முடியும். கான்ட்ராக்டர் ஒருநாள் வாடையைப் பிடித்தார். வேலை போயிற்று. டீமிலும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

வீட்டில் பார்த்தார்கள், ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எது என்று சொல்லப்போவதில்லை. பூட்டிய அறை, போன் கிடையாது, சொன்ன பேச்சு கேட்காவிட்டால் அடி. அங்கே அவன் ஒருவரிடம் நம்பி, தனக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ஒரு ஆம்பளையைத்தான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறான். "அதையும் சேர்த்து சரி பண்ணிடலாம்" என்று பதில் வந்தது. எப்படி 'சரி பண்ணப்' பார்த்தார்கள் என்பதை அவன் என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நான் கேட்கவும் மாட்டேன். வெளியே வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் குடித்தான்.

இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' எந்த முயற்சிக்கும் தடை போட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது மருத்துவர்களுக்கு ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கில் பிறந்தது அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அந்த இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு என் கடன் தீராது.

அப்புறம் அவன் தானாகவே விட முடிவு செய்தான். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, "இனிமே தொடமாட்டேன்" என்று சாமி முன்னால் சொல்லிவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். பின்னால் பிளக்ஸ் ரோல் அடுக்கும் அறையில் படுத்துக்கொண்டான். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது, வாந்தி, கை நடுக்கம். போகப்போகச் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்து, கண் மேலே சொருகி, வாயில் நுரை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்த இரும்பு ஃபிரேம்களைத் தள்ளிவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது தினமும் அதிகமாகக் குடிப்பவர் இருந்தால் தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். பல வருஷம் குடித்த உடம்பில் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். அவன் படுக்கை விரிப்பில் எறும்பு ஊர்கிறது என்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான். அங்கே ஒரு எறும்புகூட இல்லை. ஆஸ்பத்திரியில் இதற்கு மாத்திரை உண்டு. பெரிய அளவில் ஆரம்பித்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். பி1 ஊசி போடுவார்கள். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளை மதுவுக்குப் பழகி, அதை ஈடுகட்ட எந்நேரமும் விறைப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த விறைப்பு மட்டும் மிஞ்சுகிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலத் துறையில் இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணுக்கு அடித்தால் தமிழிலேயே பேசலாம்.

வார்டில் நர்ஸ் கேட்டார், "நீங்க யாரு?"

"ஃப்ரெண்டு."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

அவர் மேல் தப்பு இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான். அவன் அக்கா சிதம்பரத்திலிருந்து வந்து சேர நேரமாகும். அதுவரை ஒவ்வொரு தாளிலும் 'உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு, அவன் தெளிந்து பேச ஆரம்பித்தபோது, அங்கே ஒரு ஆலோசகர் ஒரு விஷயத்தைச் சொன்னார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு. வயது வந்த யாரும், சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். ரத்த உறவாக இருக்கவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. குடிநோயும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அவன் என் பெயரை எழுதினான். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததால் எழுத்து மேலும் கீழுமாகப் போனது. 2023 அக்டோபர் 17 அன்று, எங்களைப் போன்றவர்களுக்குத் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை டிவியில் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடை லைசென்ஸோடு வைத்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்திருக்கும் ஒரே காகிதம் அது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு அவன் என்னைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டான். போன் எடுப்பான், இரண்டு வார்த்தை பேசுவான், வைத்துவிடுவான். எனக்குப் புரியவில்லை. இத்தனையும் தாண்டி வந்த பிறகு ஏன்? ஒருநாள் காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பிடித்து உட்காரவைத்தேன். போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"குடியை விட்டா உன்னையும் விடணும்னு நெனச்சேன் மாப்ள. அதனாலதான் இத்தனை நாள் விடாம இருந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். என்னைத் தொட்டதெல்லாம் போதையில்தான். பிடிக்கும் என்று சொன்னதெல்லாம் போதையில்தான். தெளிந்த அவனுக்கும் எனக்கும் நடுவில் அதுவரை ஒரு வாலிபால் மட்டும்தான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"இப்ப தெளிஞ்சுதானே இருக்க?"

"ம்."

"அப்ப இப்ப சொல்லு."

கடலைப் பார்த்தான். மணலைக் கிளறினான். "டீ சாப்பிடலாமா?" என்றான். சரி என்று போய் டீ சாப்பிட்டோம்.

குடியை விட்டவனுக்கு எல்லாமே முதல்முறையாக நடக்கும் என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன். குடிக்காமல் தூங்குவது, குடிக்காமல் கோபப்படுவது, குடிக்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வருவது. காதலும் அதில் ஒன்று. அதற்குத் தனியாகப் பழகவேண்டும், அவசரப்படுத்த முடியாது.

புதுச்சேரியில் ஒரு சர்ச் ஹாலில் நடக்கும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குவியாபாரியும் ஒரு டாக்டரும், இரண்டு குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுபிடித்ததில் தொடங்கியது. காசு கிடையாது, அட்டெண்டென்ஸ் கிடையாது, முழுப்பெயர்கூட வேண்டாம். 'இன்றைக்கு மட்டும்' குடிக்காமல் இருந்தால் போதும் என்பது அங்கே எல்லாரும் சொல்வது. நாளைக்கு என்ற பேச்சு கிடையாது. தன் வாழ்க்கையைப் பேசும்போது அவன் என்னை "வீட்ல ஒருத்தர்" என்று சொல்லிவந்திருக்கிறான். அவனுக்கு வழிகாட்டியாக இருந்த பெரியவர் மில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள், "அந்த ஒருத்தரை ஓப்பன் மீட்டிங்குக்குக் கூட்டிட்டு வாயேன்" என்றாராம். போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். காகிதக் கப்பில் டீயைப் பிடித்துக் கையில் கொடுத்தார். "அந்த ஒருத்தர் நீதானா? உக்காரு. பிஸ்கட் எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். அறுபது வயது தாண்டிய மனுஷன், நெற்றியில் பட்டையாக விபூதி. அவர் என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டு போயிருந்தேன். (இதை எழுத அவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். மற்றவர்கள் அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும்.)

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றும் கூட்டம் உண்டு. அங்கே எனக்குச் சொன்னார்கள்: அவன் குடிக்கு நீ காரணமில்லை, அதை அடக்கி வைக்க உன்னால் முடியாது, குணமாக்கவும் முடியாது. முதல் தடவை கேட்டபோது கோபம் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தவளக்குப்பம் வருவதற்குள் உடம்பு லேசாகிவிட்டது. அவன் வாயை முகர்ந்து பார்க்கும் வேலை எனக்கு இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இங்கிலாந்தில் ஆர்செனல் கால்பந்து டீமின் கேப்டனாக இருந்த டோனி ஆடம்ஸைப் பற்றி அவனுக்குச் சொன்னது நான்தான். 1996-இல், கேப்டனாக இருக்கும்போதே, நான் ஒரு குடிநோயாளி என்று டீமுக்கு முன்னால் சொன்னவர். 2000-இல் விளையாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அவனுக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகும் அவர் ஆடினார், கேப்டனாகவே கோப்பைகள் ஜெயித்தார் என்பது. "அப்ப நானும் ஆடலாம்" என்றான்.

ஆடினான். ஆனால் ஷூட்டராக இல்லை. பாதத்து உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை, எழும்ப முடியவில்லை. ரொம்ப அழுதான் அதற்கு. டீமில் இருந்த ஒரு சின்னப் பையன்தான், "அண்ணே லிபரோ ஆடுங்கண்ணே" என்றான். 1998 வாக்கில் உலக வாலிபாலில் வந்த இடம் அது. வேறு கலர் ஜெர்சி போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் நிற்பவன். எழும்பி அடிக்கக் கூடாது, சர்வீஸும் ஸ்மாஷும் எங்கே வந்தாலும் விழுந்து எடுத்து பூஸ்டருக்குக் கொடுக்கவேண்டும். அடிப்பதிலேயே பெயர் வாங்கியவனுக்கு அதை ஏற்றுக்கொள்வது சுலபமில்லை. காலை நேரத்தில் சில்வர் பீச் மணலில் நான் பந்தை அடித்துக்கொண்டே இருப்பேன், அவன் விழுந்து விழுந்து எடுப்பான். முட்டி, முழங்கை எல்லாம் மணல் உரசிச் சிவந்திருக்கும். முன்பு நான் பந்தைக் கொடுப்பேன், அவன் அடிப்பான். இப்போது அவன் எடுத்துக் கொடுக்கும் பந்துதான் என் விரலுக்கு வருகிறது. நல்ல ரிசீவ் எப்படி இருக்கும் தெரியுமா? சுழற்சியே இல்லாமல், மெதுவாக, நான் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வந்து இறங்கும். ஒரு அடி நகரவேண்டாம். அவன் கொடுப்பது அப்படித்தான் இருக்கும்.

அவன் பதில் சொன்னது பீச்சில் இல்லை, என் கடையில். சித்திரை மாதத்து நடுமதியம், கரண்ட் இல்லை. ஒரு போட்டிக்கு அவசரமாகக் கொடுக்கவேண்டிய பேனருக்கு ஐலெட் அடித்துக்கொண்டிருந்தேன். அவன் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மூலையில் துணியை மடித்து, ஓட்டை போட்டு, பித்தளை வளையத்தை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. இரண்டு பேருக்கும் முதுகெல்லாம் வியர்வை. ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாலாவது மூலைக்கு வந்தபோது, பேனரைப் பிடித்த கையை எடுக்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"தெளிஞ்ச பிறகும் நீதான்."

"என்னது?"

"கேட்டுச்சுல்ல. அடி, நேரமாகுது."

அடித்தேன். வளையம் கோணலாக உட்கார்ந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று வைத்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளவேண்டாம். பாகூர்ப் பக்கம் ஒரு போட்டியில் ஜெயித்த ராத்திரி மறுபடி குடித்தான். மறுநாள் அவனாகவே எனக்கும் அந்தப் பெரியவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போனான். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஒளிந்துகொள்வான். நான் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போய் ஓ.பி. வாசலில் உட்கார்ந்திருந்தேன். குடிநோயில் திரும்ப விழுவது சர்க்கரை நோயில் அளவு ஏறுவதைப் போலத்தான், மருந்தையும் வாழ்க்கையையும் மறுபடி சரிபார்க்கவேண்டும் என்றார் டாக்டர். அவர் குரலில் சலிப்பே இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டீமில் இப்போது ஜெயித்த ராத்திரி பாதிப்பேர் முள்ளோடைக்குப் போகிறார்கள், மீதிப்பேர் எங்களோடு பரோட்டாக் கடைக்கு வருகிறார்கள். பரோட்டாக் கடையில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஜெயித்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஆளாளுக்குப் போனைப் பார்ப்பார்கள். சால்னா வரும்வரை பேச்சு வராது. ஆனாலும் மறுபடி வருகிறார்கள். எங்கள் இரண்டு பேரைப் பற்றி டீமில் சிலருக்குத் தெரியும், சிலர் தெரியாதது போல இருக்கிறார்கள். பெஞ்சில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் மட்டும் எப்போதும் விடுகிறார்கள்.

அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பையன் குடியை விட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். புரோக்கர் கொண்டுவந்த ஜாதகங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளைத் தாளைப் படித்தபோதே புரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை, என் சாப்பாட்டையும் சேர்த்து வாங்கிவந்தாள். "ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்க நான் விடமாட்டேன். ஆடி முடியட்டும், ஆவணியில அம்மாகிட்ட நானே பேசுறேன்" என்கிறாள். இவன், தானேதான் பேசவேண்டும் என்கிறான். குடித்துவிட்டுச் சொல்லிவிட்டான் என்று அம்மா நினைத்துவிடக் கூடாது, அதனால் காலையில், டீ குடித்த கையோடு சொல்லவேண்டும் என்பது அவன் திட்டம். நானும் கூட வரவேண்டுமா வேண்டாமா என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அவன் வேண்டாம் என்கிறான். நான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.